பிள்ளைக்கு இரண்டு பாஸ்போர்ட், ஆனாலும் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள்

களியக்காவிளைக்காரர்களான எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் எல்லை தாண்டித் திருவனந்தபுரம்தான். இரண்டு மாத லீவு முடிந்து திரும்பிய அக்காவையும் பிள்ளையையும் அங்கே இறக்கிவிட்டு, வெளியே ஒரு கட்டன் சாயா வாங்கி வாய் வைக்கவில்லை, உள்ளேயிருந்து போன். "டேய், பிள்ளைக்க பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இல்லல்லோன்னு சொல்லுதாங்க."

கணக்கு இதுதான். பிள்ளை பிறந்தது அமெரிக்காவில், அதனால் பிறந்த உடனேயே அமெரிக்கக் குடியுரிமை. பாறசாலைக்காரரான அத்தான் கனடா குடியுரிமை வாங்கியவர், அந்த வழியில் அவளுக்குக் கனடா பாஸ்போர்ட்டும் உண்டு. அமெரிக்க பாஸ்போர்ட்டை அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே எடுத்துவிட்டார்கள். நமக்குப் பத்து வருடம் என்று பழகிப்போனதால் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று மனசு எடுத்துக்கொள்கிறது, ஆனால் 16 வயதுக்குக் கீழே இருந்தால் அமெரிக்க பாஸ்போர்ட் 5 வருடம்தான். ஊருக்கு வந்த அன்று அதில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. மாம்பழமும் சக்கையும் தின்று முடிக்கிறதுக்குள் நாலு மாதம் சொச்சமாகிவிட்டது!

நேராக அமெரிக்கா போயிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. சொந்த நாட்டுக் குடிமகள் வீட்டுக்குத் திரும்ப, போய் இறங்கும் நாளில் பாஸ்போர்ட் உயிரோடு இருந்தால் போதும். அக்கா நடுவில் துபாயில் அண்ணன் வீட்டில் மூன்று நாள் தங்க டிக்கெட் போட்டிருந்தாள், அங்கே விருந்தாளியாக நுழைய ஆறு மாதம் வேண்டும். டிக்கெட் போட்ட அன்றே பார்த்திருக்க வேண்டியது.

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டில் இருக்கும் மொட்டைத்தலைக் குழந்தையையும், எதிரே இரட்டைச் சடையோடு ஏத்தங்காய் சிப்ஸ் கொறித்துக்கொண்டு நிற்கிறவளையும் மாறிமாறிப் பார்த்தாராம். அக்காவுக்குக் கை நடுங்கியிருக்கிறது. அப்புறம்தான் பையின் அடியில் கிடந்த கனடா பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. அது பிந்தி எடுத்தது, இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. சரி, அதைக் காட்டினால் போதாதா? அதில்தான் குழப்பம். இந்தியாவுக்குள் வந்தது அமெரிக்க பாஸ்போர்ட்டில், ஓசிஐ அட்டையில் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) இருப்பதும் அந்த நம்பர், ஆகையால் நம் இமிக்ரேஷனில் வெளியே போவதும் அதிலேதான். துபாயில் கனடா பாஸ்போர்ட்டை நீட்டலாம், அதற்கும் முன்கூட்டி விசா வேண்டாம். கடைசியில் அமெரிக்காவில் இறங்கும்போது மறுபடி அமெரிக்க பாஸ்போர்ட், அந்நாட்டுச் சட்டப்படி குடிமக்கள் போக வர அதைத்தான் காட்ட வேண்டும். கவுண்டர் பெண் தன் மேலாளரிடம் போய்க் கேட்டு, பயண விவரத்தில் கனடா நம்பரை ஏற்றி, போர்டிங் பாஸ் கொடுக்க முக்கால் மணி நேரம். என் சாயா ஆறிப்போனது.

அந்த இரண்டாவது பாஸ்போர்ட் இல்லையென்றால்? ஒன்று துபாயை வெட்டிவிட்டுப் புது டிக்கெட், இல்லையென்றால் குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது பாஸ்போர்ட். அங்கே பிள்ளை நேரில் நிற்க வேண்டும், தாய் தகப்பன் இரண்டு பேரும் வர வேண்டும், வர முடியாத தகப்பன் டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போதே அந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது, அந்தக் கையெழுத்து மூன்று மாதம்தான் செல்லுமாம். லீவுக்குப் போதும்.

இங்கே கல்ஃப் போகாத வீடு கிடையாது, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்திய பாஸ்போர்ட்தான், அதனால் இந்தத் தலைவலி அவர்களுக்கு இல்லை. அக்கா மகளைப் பார்த்து "அவளுக்கு இந்தியாவும் உண்டு, அமெரிக்காவும் உண்டு" என்று ஊரில் சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ஓசிஐ என்பது ஆயுள்கால விசா மாதிரி, அவ்வளவுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. எங்கள் தாத்தா திருவிதாங்கூரில் பிறந்து, வீட்டுத் திண்ணையை விட்டு அசையாமலேயே 1956 நவம்பர் 1ஆம் தேதி மதராஸ் மாநிலத்துக்காரர் ஆனவர். அவருக்கு ஒரு தாளும் கேட்கவில்லை.

இப்போது அக்கா புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அது வந்ததும் மூன்று மாதத்துக்குள் அதையும் புது போட்டோவையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும், 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் இப்படித்தான், காசு கிடையாது. போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா பார்த்துவிட்டு, "சடைய ஏன் அவுத்துப் போட்டா மக்களே" என்று என்னைக் கேட்கிறாள்.