அறுபது சதுர அடி

கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மிச்சம் 60க்குத் தீப்பிடிக்காத வேறு பொருளும் போடலாம். வீட்டை 15க்கு 20 என்று நிறுத்தினால் அந்த 60, தெருப்பக்கம் 15க்கு 4 அடித் தாழ்வாரமாகக் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். நடுவில் வாசல், இரு பக்கமும் ஒன்றரை அடி உயரத் திண்ணை, மேலே மங்களூர் ஓடு. வரைபடம் என்ற அளவில் இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் வரைபடம் போட்டுக் கொடுத்த ஒரு அம்மாவின் மனை மேற்குப் பார்த்தது. கோடையில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 பாகைக்கு இறங்கிவிடும். வாசலுக்கு மேல் போடும் 2 அடி சன்ஷேடு அப்போது சுவரில் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நிழல் தரும். தாழ்வாரம் 4 அடி, அதையும் தாண்டி நீளும் கூரை விளிம்பான இறவாரம் 2 அடி, ஆக 6 அடிக்கு ஓடு நீண்டால் தரையிலிருந்து 3 அடிக்கு மேல் சுவர் முழுக்க நிழல். அந்த நிழல் இல்லையென்றால் 9 அங்குலச் செங்கல் சுவர் சாயங்காலம் வாங்கிய சூட்டை, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு உள்ளே விடும்.

ஓட்டுக்குச் சாய்வு 30 பாகை வேண்டும். 6 அடிக்கு மூன்றரை அடி இறக்கம். விளிம்பு தலையில் இடிக்காமல் ஆறரை அடியில் நிற்க, சுவரில் 10 அடியில் தொடங்கியாக வேண்டும். கூரையை 9 அடியில் போட்டுவிட்டுப் பிறகு தாழ்வாரத்தை யோசிப்பவர்கள் சாய்வைக் குறைத்துச் சமாளிப்பார்கள். காற்றோடு அடிக்கும் கோடை மழையில் தண்ணீர் ஓட்டு இடுக்கில் ஏறி உள்ளே வந்துவிடும். இன்னொரு ஒழுகல், ஓடு சுவரோடு சேரும் இடத்தில். வெறும் சிமெண்டுப் பூச்சு அங்கே சீக்கிரமே விரிசல் விடும். கான்கிரீட்டுக்குக் கீழே ஒரு வரிசைச் செங்கலை 2 அங்குலம் வெளியே நீட்டி, அதற்கடியில் ஓட்டின் தலையைச் செருக வேண்டும். ஓடு மாட்டும் மெல்லிய மரச்சட்டங்களான ரீப்பர்களின் இடைவெளியையும் புத்தக அளவை நம்பி அடிக்கக் கூடாது. வந்திறங்கிய ஓட்டில் நாலைந்தை மாட்டிப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“திண்ணை வேணாம் சார். நீங்க கட்டிக் குடுத்துட்டுப் போயிருவீங்க. பொழுது சாஞ்சா அதுல யார் யார் வந்து உக்காருவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். வயசுப் புள்ளைய வச்சிருக்கேன். அந்த எடத்தப் பின்னாடி குடுங்க, அடுப்புக்கு.”

கம்பிக் கதவு போட்டு அடைத்துவிடலாம் என்றேன்.

“அப்பவும் அவங்க படியில உக்காருவாங்க. நாங்கதான் சார் கம்பிக்கு உள்ள இருப்போம்.”

தெருவுக்கு உயிர் வேண்டும், நாலு பேர் உட்கார்ந்து பேச இடம் வேண்டும் என்றுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் பேசுகிறோம். அந்த நாலு பேர் யார் என்று வரைபடத்தில் எழுதுவதில்லை. சீட்டும் பாட்டிலும் வந்து உட்காரும் திண்ணையில், வீட்டுக்குள் இருக்கிற பெண் சாயங்காலம் கதவைத் திறக்க முடியாது. அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. திண்ணைக்கான இடத்தைப் பின்பக்கம் மாற்றியது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பின்பக்கம் 10க்கு 6 சமையலறை. அவர் வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, ஆனால் சோறும் வெந்நீரும் சீமைக்கருவேல விறகில்தான். அடுப்பு மேடைக்கு மேல் 4 அங்குலப் புகைக்குழாய், ஓட்டுக்கு மேல் குறைந்தது 2 அடி நீள வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று திரும்பும்போது புகை அறைக்குள்ளேயே இறங்கும். கண்மட்டத்துக்கு மேல் அரைச் செங்கல் சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலி. கொல்லைப்பக்கம் இறவாரத்தின் கீழ் 15 அங்குல அகலத்தில் ஒரு மேடை. பெண்கள் உட்காருவது அங்கேதான்.

பின் ஏன் இது இன்னும் உறுத்துகிறது? அவர் வீட்டைப் பார்த்து அந்த வரிசையில் மற்றவர்களும் முன்பக்கத்தை வேண்டாம் என்றார்கள். எல்லோருக்கும் அதே பயமா, பார்த்துக் கேட்டதா, சொல்ல முடியவில்லை. இப்போது தெருவில் நிழலே கிடையாது. நூறுநாள் வேலை முடிந்து வருகிற கிழவிகள் உட்காரவும் அங்கே திண்ணைதான் இருந்திருக்கும். குடிக்கிறவர்களுக்குப் பயந்து கிழவிகளின் இடத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோமா? இல்லை, ஒரு தெருவின் ஒழுக்கத்தைச் சரிசெய்யும் பாரத்தை ஒரு வீட்டுக்காரியின் 60 சதுர அடியில் ஏற்றுவது எந்த வகையில் நியாயம்? இரண்டு கேள்வியும் மாறி மாறி வருகின்றன. மேற்குச் சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு, 10 அடி தள்ளி ஒரு வேம்பு என்று சொல்லியிருக்கிறேன். வேம்பு நிழல் தர வருஷங்கள் ஆகும். அதற்குள் வயசுப் பிள்ளைக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கும்.

கூரையை மட்டும் 10 அடியிலேயே போடச் சொன்னேன். முன்சுவரில் அந்த ஒரு வரிசைச் செங்கல் 2 அங்குலம் நீண்டிருக்கிறது. அதற்குக் கீழே 3 அடிக்கு ஒன்றாக, 4 அங்குல ஆழத்தில் சட்டம் செருகக் குழி விட்டு, எளிதில் பெயர்க்கும்படி சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். பின்னால் எப்போதாவது தாழ்வாரம் இறக்க நினைத்தால் சுவரை உடைக்க வேண்டாம். குழிக்கென்று செலவு ஒன்றுமில்லை, திட்டப் பணத்துக்கான பில்லுக்கும் இடைஞ்சல் இல்லை. கொத்தனார் அது எதற்கு என்று கேட்டபோது அந்த அம்மாவும் பக்கத்தில் இருந்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் பேச்சை நான் முழுதாக ஏற்றிருந்தால் அந்தக் குழிகளை விட்டிருப்பேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.