சாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்

அம்மாவுக்கு முடக்குவாதம். பழைய மாத்திரைகள் கேட்காமல் போனதும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே புது மருந்து ஆய்வு ஒன்றைச் சொல்லி நம்பர் கொடுத்தார். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை. போனில், "ஃபைல், ஆதார் எடுத்துட்டு வெறும் வயித்துல வாங்க" என்றார்கள். அவ்வளவுதான்.

விடியற்காலை 3 மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். ஓ.பி. சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "ஆய்வுக்கெல்லாம் இங்க சீட்டு கிடையாது" என்று பதில். ஆய்வுப் பிரிவு தனியாகப் பின்கட்டடத்தில் இருந்தது. அவர்களுக்கென்று தனி நர்ஸ், பூட்டுப் போட்ட மருந்து அலமாரி, எல்லாம் தனி. போகிறவர்கள் ஓ.பி. பக்கம் போகாமல் நேராக ஆய்வு கோஆர்டினேட்டரைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துச் சொல்லும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கடைசிவரை உடனிருக்க வேண்டும். மகன் என்பதால் என்னை ஏற்கவில்லை. விதிமேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்கத் தெரியுமா என்று போனிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வீங்கிய முழங்காலோடு, பட்டினியாக வந்த அம்மாவை அப்படியே திருப்பி அழைத்துப்போனேன்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சர் கூட வந்தார். புது மருந்து என்பதால் வீடியோவும் எடுத்தார்கள். கோஆர்டினேட்டர் பெண் பொறுமையாக, பக்கம் பக்கமாக வாசித்தார். "பாதியில வேணாம்னா விட்ருவீங்களா?" என்று அம்மா கேட்டார். "எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்மா. உங்க வைத்தியம் நிக்காது" என்றார் அவர்.

ஆண்டு வருமானம், நாமினி பெயர் என்று கேட்டதும் அம்மா முகம் மாறிவிட்டது. ஆய்வால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான கேள்வி அது. புது மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் உள்ள படிவத்திலேயே இருக்கிறது. இதை வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள். அப்புறம், சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி இணையத்தில் பாருங்கள். 2009 ஜூன் 15 முதல் அந்தப் பதிவு கட்டாயம்.

கோணிப்போன கட்டைவிரலை நர்ஸ் மெதுவாகப் பிடித்து மையில் ஒற்றி ரேகை எடுத்தார். படிவத்தின் நகல் கேட்டால், "அடுத்த முறை வரும்போது தரோம்" என்றார் மேஜையில் இருந்தவர். நான் நகரவில்லை. அது நோயாளியின் உரிமை. டாக்டர் நம்பரும், ஆய்வில் சேர்பவர்களின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் நம்பரும் அதில்தான் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் ஜெராக்ஸ் கைக்கு வந்தது.

ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவது வாரம் ராத்திரி 11 மணிக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். அந்த ஜெராக்ஸைப் பார்த்துத்தான் போன் செய்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார் கோஆர்டினேட்டர். "எங்கயாவது அட்மிட் பண்ணா உடனே சொல்லுங்க சார், 24 மணி நேரத்துக்குள்ள நாங்க மேல ரிப்போர்ட் பண்ணணும்" என்றவர், டாக்டரையும் லைனில் சேர்த்தார். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.