ஓரிடத்தில் நிற்காத ஐஸ்லாந்தின் கோடிகள்

ஐஸ்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் அருவி, பனியாறு, வெந்நீர் ஊற்று என்றுதான் பட்டியல் போடுவார்கள். எனக்கு அந்தத் தீவின் ஓரங்கள் மேல்தான் ஆசை. ஓரம் ஓரமாகப் போய்ப் பார்த்ததில் ஒன்று புரிந்தது, அங்கே எல்லைகள் ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

தெற்கே வீக் என்ற சின்ன ஊர். பக்கத்தில் இருக்கும் டிர்ஹோலாயே குன்றுதான் 1918 வரை நிலப்பகுதியின் தென்கோடி. அந்த வருஷம் அக்டோபரில், பனிப்படலத்துக்கு அடியில் இருக்கும் காட்லா எரிமலை வெடித்து, உருகிய பனி வெள்ளமாகப் பாய்ந்து, அது அடித்துவந்து கொட்டிய மணலும் கல்லும் கரையைக் கடலுக்குள் சுமார் 5 கி.மீ. தள்ளிவிட்டன. அப்படிப் பிறந்த கோட்லுடாங்கிதான் இன்றைய தென்கோடி, அதையும் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. வீக் கடற்கரையில் மணலை அள்ளிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, நறநறவென்று, நடுநடுவே மிளகு மாதிரி உருண்டைக் கற்கள்.

தீவுகளையும் சேர்த்தால் தென்கோடி சுர்ட்சே. 1963 நவம்பரில் கடலுக்கடியில் வெடித்த எரிமலை உண்டாக்கிய தீவு. 1967-இல் இருந்த பரப்பில் பாதிதான் இப்போது மிச்சம். வெறும் பாறையில் உயிர்கள் எப்படி வந்து குடியேறுகின்றன என்று ஆராய்வதற்காக விஞ்ஞானிகளைத் தவிர வேறு யாரையும் விடுவதில்லை. அந்தத் தடை ரொம்பச் சரி.

அப்புறம் வடக்கு. டால்விக்கிலிருந்து படகில் சுமார் மூன்று மணி நேரம் போனால் கிரிம்சே. ஆர்க்டிக் வட்டம் இந்தத் தீவு வழியாகத்தான் போகிறது. இறங்கி நடக்க ஆரம்பித்ததுமே ஆலாப் பறவைகள் கூட்டைக் காக்கத் தலைக்கு மேலே பாய்ந்து வரும், ஒரு குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனால் குச்சியைக் கொத்திவிட்டு நம்மை விட்டுவிடும். தீவின் வட முனையில், அந்த வட்டம் போகும் இடத்தைக் காட்ட 3 மீட்டர் விட்டமுள்ள பெரிய கான்கிரீட் உருண்டை ஒன்று, எடை சுமார் 8 டன். பூமியின் அச்சுச் சாய்வு மாறுவதால் ஆர்க்டிக் வட்டம் வருஷத்துக்குச் சராசரியாக 14.5 மீட்டர் வடக்கே நகர்கிறது, கூடவே இந்த உருண்டையையும் நகர்த்துகிறார்கள். 2047 வாக்கில் வட்டம் தீவை விட்டே போய்விடுமாம். உருண்டையைத் தொட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு உண்மையில் இப்படி நகர்ந்துகொண்டிருக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது. நாட்டின் உண்மையான வடகோடியான கோல்பெயின்சே இங்கிருந்து இன்னும் 74 கி.மீ. தள்ளி, கடல் தின்று தின்று வெறும் பாறைத் துண்டாகிவிட்டது.

நிலப்பகுதியின் கிழக்குக் கோடியான கெர்பிருக்கு வண்டிப் பாதை கிடையாது, நான் போகவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேற்குதான். மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனால் பியார்க்டாங்கர் கலங்கரை விளக்கம், அங்கிருந்து 14 கி.மீ. நீளத்துக்கு லாத்ராபியார்க் செங்குத்துப் பாறை, உயரம் 440 மீட்டர் வரை. 1947 டிசம்பரில் தூன் என்ற பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல் இதன் அடியில் மோதி நின்றது. பறவை முட்டை எடுக்கக் கயிறு கட்டி இறங்கிப் பழகிய உள்ளூர் விவசாயிகள் அந்தக் குளிரில் இறங்கி 12 பேரைக் காப்பாற்றினார்கள். விளிம்பிலிருந்து கீழே பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

போவதென்றால் ஜூன், ஜூலையில் போங்கள், ஆகஸ்டில் பஃபின் என்ற கடற்பறவைகள் கடலுக்குக் கிளம்பிவிடும். விளிம்பு மண்ணை அவை வளை தோண்டிப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கும், அதனால் நிற்காமல் குப்புறப் படுத்தே பாருங்கள். அப்படிப் படுத்திருந்தபோது ஒரு பஃபின் கை எட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்து, ஆரஞ்சுக் காலால் அலகைச் சொறிந்துகொண்டு, என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.