போகி அன்னிக்கு விட்ட 17 குஞ்சு

பக்கத்து தெருவுல ஒரு தம்பி, ப்ளஸ் டூ படிக்கிறான், போன மாசம் ஒரு ஜோடி ஹோமர், அதான் எங்க விட்டாலும் வீடு தேடி வர்ற பந்தயப் புறா, வாங்கிட்டு வந்திருக்கான். இருபது நாள் கூட ஆகல, நேத்து மாடிக்கு ஓடி வந்து "அண்ணா, பொன்னேரில இருந்து விட்டா வந்துருமா"ன்னு கேக்குறான். டேய், அது வளந்த புறாடா, கதவத் தொறந்தா அது பொறந்த வீட்டுக்குத்தான் போகும், மாசக்கணக்கா அடைச்சு வச்சாலும் போயிரும், அதை ஜோடியா உள்ளயே வச்சு குஞ்சு எடு, அந்தக் குஞ்சுதான் உன் வீட்டுப் புறான்னு சொன்னேன். மூஞ்சி வாடிப்போச்சு. இன்னும் ஆறு மாசமான்னு கேட்டான். ஆமாடா ஆறு மாசம்தான். அவனுக்கு சொல்ல நெனச்சத இங்கயே எழுதி வச்சுடறேன், ஏன்னா அவசரப்பட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

எனக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தது எங்க மாமா, அம்மாவோட தம்பி. பெரம்பூர் லோகோவுல, அதான் ரயில்வே ஒர்க்ஷாப்புல வேலை, ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் சாப்புடக் கூட மாட்டாரு, நேரா மாடிதான். மண்சட்டியில வேப்பங்குச்சி போட்டு வைப்பாரு, பொட்டை அதுல முதல் முட்டை வச்சு, ஒரு நாள் விட்டு ரெண்டாவது வைக்கும். அதுல இருந்து 17, 18 நாள்ல பொரியும். ஆணும் பொட்டையும் மாறி மாறி அடை உக்காரும், பகல்ல பெரும்பாலும் ஆண், ராத்திரி பொட்டை. பொரிஞ்ச முதல் வாரம் ரெண்டுமே தொண்டையில ஊறுற பால மாதிரி ஒண்ணக் குஞ்சுக்கு ஊட்டும், நெறைய பேருக்கு ஆண் புறாவும் பால் குடுக்கும்னே தெரியாது. ஏழாம் நாள் கால்ல ரிங் போட்டுடணும், மூட்டு இல்லாத ரிங், வருஷமும் நம்பரும் அதுல இருக்கும், ரெண்டு மூணு நாள் தள்ளிப் போட்டா கால் பெருத்துரும், அப்புறம் ஏறாது. 28 நாள்ல தாய் தகப்பன் கிட்ட இருந்து பிரிச்சுடலாம்.

ரத்தம், வம்சம்னு பசங்க ரொம்ப பேசறாங்க. பெல்ஜியத்துல நியூ கிம்னு ஒரு பொட்டை 2020ல 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போச்சு, நம்ம காசுல 14 கோடி, அதக் கேட்டதுல இருந்து எங்க ஏரியாவுல எல்லாப் புறாவும் பெல்ஜியம் புறா ஆயிருச்சு. நல்ல ரத்தம் வேணும், இல்லன்னு சொல்லல. ஆனா குஞ்சுக்கு முதல்ல வேண்டியது மாடி. பிரிச்ச மறுநாளே கம்பிக் கூண்டுல வச்சு மாடி மேல வெளிய வச்சிரணும், பத்து நாள் அது சும்மா உக்காந்து பாக்கணும், பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க், சர்ச் கோபுரம், ரயில்வே லைன், எல்லாத்தையும். நாம ஒண்ணும் செய்ய வேணாம், அது பாக்கறதுதான் ட்ரெயினிங்கே. இறக்கை பலம் வர்றதுக்கு முன்னாடி இதை முடிச்சுடணும், பலம் வந்த அப்புறம் முதல் தடவை தொறந்து விட்டீங்கன்னா ஒரு பயம் வந்தாலே போதும், ஒரே தூக்கா தூக்கி எங்கயோ போயிரும்.

முதல் தடவை தொறக்கறது சாயங்காலம், தீனி போடறதுக்கு முன்னாடி, பசியோட. தீனி டப்பாவ ஆட்டினா உள்ள வரணும். இது ஒண்ணுதான் கடைசி வரைக்கும் உதவும், ஏன்னா ரேஸ்ல புறா வந்து மாடியில உக்காந்தா கணக்கு இல்ல, கூண்டுக்குள்ள வந்தாத்தான் நேரம் பதிவாகும். விட்ட எடத்துல இருந்து ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தூரம், அதனால நிமிஷத்துக்கு எத்தன மீட்டர்னு வேகத்த வச்சுத்தான் ஜெயிக்கறது யாருன்னு பாக்கறாங்க, 300 கிலோமீட்டர் பறந்து வந்துட்டு உங்க மாடி கைப்பிடி சுவத்துல அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தா அத்தனை உழைப்பும் போச்சு.

தீனி விஷயத்துல நான் கொஞ்சம் கறாரு. ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் பக்கம், அளந்துதான் போடுவேன், முன்னாடி கொட்டி வச்சுட்டுப் போறது கிடையாது. குஞ்சு வளக்குற ஜோடிக்கும் சிறகு உதுக்குற நேரத்துலயும் பச்சைப்பயறு, பட்டாணி, கொண்டைக்கடலை ஜாஸ்தி. சும்மா மாடியச் சுத்துற நாள்ல கம்பு, கோதுமை, சோளம், லேசா. தூரம் கூடக் கூட மக்காச்சோளம், குசும்பா விதை, கடைசி ரெண்டு நாள் கொஞ்சம் பச்ச வேர்க்கடலை, ஏன்னா நெடுந்தூரம் பறக்கற புறா எரிக்கறது கொழுப்பத்தான். மக்காச்சோளம் வாங்கும்போது மோந்து பாத்து வாங்குங்க, பூஞ்சை புடிச்ச வாடை லேசா வந்தாக் கூட வேணாம், நூறு ரூபா மிச்சம் புடிக்கப் போயி ஒரு கூண்டே காலியான வீட்டப் பாத்திருக்கேன். கிளிஞ்சல், செங்கல் தூள், கரித்தூள், கொஞ்சம் உப்பு, இது தனியா ஒரு சட்டியில எப்பவும் இருக்கணும். தண்ணி தினம் மாத்தணும், புறா மூக்க முக்கி உறிஞ்சிக் குடிக்கிறது, ஒண்ணோட வாய்ல இருக்கற சீக்கு தண்ணி வழியா மத்ததுக்குப் போயிரும்.

சரி, இப்ப போகி கதை.

அது 2018 ஜனவரி 13, சனிக்கிழமை. அந்த வருஷம் எங்கிட்ட 17 குஞ்சு, அவ்ளோ நல்ல செட் எனக்கு அதுக்கு முன்னாடி அமைஞ்சதே இல்ல. மாடிய விட்டுக் கிளம்பினா கண்ணுக்கே தெரியாமப் போயி முக்கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணா வரும். அப்படிப் போயிட்டு வர ஆரம்பிச்சா டாஸுக்கு, அதாவது தூரமாக் கொண்டு போயி விட்டுப் பழக்கறதுக்கு, ரெடின்னு அர்த்தம். சென்னையில ரேஸ் வடக்கு லைன்லதான், சூளூர்பேட்டை, நாயுடுப்பேட்டை, கூடூர், நெல்லூர், காவலி, ஓங்கோல், விஜயவாடா, அதத் தாண்டி பல்லார்ஷா, நாக்பூர். அதனால டாஸும் அதே லைன்ல ஏத்திட்டே போறது. மீஞ்சூர்ல ரெண்டு தடவை விட்டேன், பறவை தூரம் 20 கிலோமீட்டர்தான், எனக்கு முன்னாடி வீட்டுல இருந்துச்சுங்க. பொன்னேரியும் சுத்தமா வந்துச்சு. அடுத்தது கும்மிடிப்பூண்டி, 35 கிலோமீட்டர்.

மாமா முந்தின நாளே சொன்னாரு, "நாளைக்கு வேணாம்டா, போகி, ஊரே புகையா இருக்கும்"னு. எனக்கு லீவு கிடைக்கறது அந்த நாலு நாள்தான், அடுத்த மாசம் முதல் ரேஸு, தள்ளிப் போட்டா நாள் பத்தாதுன்னு ஒரே அவசரம். கூடையத் தூக்கிட்டு முதல் லோக்கல் ட்ரெயின்ல ஏறிட்டேன். கும்மிடிப்பூண்டில எறங்குனா அங்க பனி இருந்துச்சு, ஆனா தலைக்கு மேல வெளிச்சமாத் தெரிஞ்சுது. அரை மணி நேரம் வெயிட் பண்ணேன், பண்ணல, இருபது நிமிஷம் இருக்கும். சூரியன் மஞ்சளா ஒரு தட்டு மாதிரி தெரிஞ்சதும் மூடியத் தொறந்துட்டேன். ஒரு ரவுண்டு அடிச்சுது, ரெண்டு, மூணு, நாலு. அப்பவே எனக்கு வயிறு கலங்கிருச்சு, பொன்னேரில அதுங்க ஒரே ரவுண்டுல தெக்கப் பாத்து நேராப் போச்சுங்க. இங்க ரொம்ப நேரம் சுத்திச் சுத்தி அப்படியே பனிக்குள்ள கரைஞ்சு போச்சு.

திரும்ப ட்ரெயின் பேசின் பிரிட்ஜ் பக்கம் வரும்போதுதான் பாக்கறேன், ஊரே காணோம். பாயும் டயரும் எரிச்ச புகையும் பனியும் சேந்து எதிர் வீட்டு மாடி தெரியல. அன்னிக்கு மீனம்பாக்கத்துல ஃப்ளைட்டே எறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அவ்ளோ பெரிய மெஷினு எறங்க முடியாத எடத்துக்கு நாலு மாசக் குஞ்ச வீடு தேடி வான்னு அனுப்பிட்டேன். மாடியில தீனி டப்பாவோட உக்காந்தேன். பதினோரு மணிக்கு ரெண்டு வந்துச்சு. மத்தியானம் ஒண்ணு. இருட்டற வரைக்கும் மொத்தம் ஆறு. பொங்கல் அன்னிக்கு அம்மா கீழ பால் பொங்குது வாடான்னு கூப்புடறாங்க, நான் வடக்க பாத்துட்டே நிக்கறேன். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் ஒரு ரெட் செக்கர், இறக்கையில செவப்புக் கட்டம் போட்ட புறா, வந்துச்சு, வலது இறக்கையில மாஞ்சா அறுத்த காயம், எப்படிப் பறந்துச்சுன்னு இன்னும் புரியல. திருவொத்தியூர்ல ஒரு மாடியில எறங்கின ஒண்ணப் பத்தி ரிங் நம்பர் பாத்துத் தகவல் சொன்னாங்க, போய் எடுத்துட்டு வந்தேன். மீதி ஒம்போதும் வரல.

மாமா திட்டவே இல்ல, வந்து கூண்டப் பாத்தாரு, புறா உக்கார்ற தட்டுல காலியா இருந்ததெல்லாம் எண்ணிட்டுப் போயிட்டாரு.

அப்புறம்தான் நான் ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சேன். புறா சூரியன வச்சு திசை புடிக்குது, சூரியன் இல்லேன்னா பூமியோட காந்தத்த வச்சும் புடிக்குது, இது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். ஆனா வாசனையும் இருக்காம். இத்தாலியில பைசா பல்கலைக்கழகத்துல பாப்பின்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரு கூட்டாளிங்களும் 1970கள்ல, மோப்ப நரம்பத் துண்டிச்ச புறாவ தெரியாத எடத்துல விட்டா வீடு வந்து சேர முடியாமத் தவிக்குதுன்னு காட்டினாங்க. அதப் படிச்சப்ப எனக்கு அந்தப் புகைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல குட்டி ஜிபிஎஸ் கட்டிப் பாத்தப்ப பழகின எடத்துல புறா ரோட்டையும் வேலியையும் புடிச்சிட்டு வருதுன்னு தெரிஞ்சுதாம், அதான் நம்ம புறாவும் வீட்டுக்கிட்ட வந்ததும் ரயில்வே லைன் மேலயே வருது. அன்னிக்கு சூரியனும் மங்கல், காத்துல டயர் நாத்தம், கீழ லைனும் தெரியல. அதுங்களுக்கு நான் ஒரு வழியும் மிச்சம் வைக்கல.

இப்ப எல்லாம் வானம் சுத்தமா இருந்தாத்தான் கூடையே எறக்குவேன். ஒரே எடத்துல மூணு தடவ சுத்தமா வந்தாத்தான் அடுத்த ஸ்டேஷன். ஒரே கூட்டமா விடாம நாலு நாலா, பத்து நிமிஷ இடைவெளில, அப்பத்தான் எது தானா வழி கண்டுபுடிக்குது, எது கூட்டத்து பின்னாடி வருதுன்னு தெரியும். பனிக்காலத்துல பைரி வேற வந்துரும், புறாவ அடிக்கிற வேட்டைப் பறவை, அதுக்கு காலைல ரொம்ப சீக்கிரம் விடறதில்ல. கழுத்து திருகிக்கற சீக்குக்கு சொட்டு மருந்து சீசனுக்கு முன்னாடியே போட்டுடறேன். இப்படிப் போனா எனக்கு சீசன்ல ஒரு ரேஸாவது போயிரும், போகட்டும்.

இந்த வருஷம் 14 குஞ்சு. அந்த ரெட் செக்கரோட பேரன் ரெண்டு அதுல இருக்கு. போகிக்கு கதவே தொறக்க மாட்டேன், மாட்டுப் பொங்கல் தாண்டி வானம் தெளிஞ்ச முதல் ஞாயித்துக்கிழமை மீஞ்சூர். அந்தத் தம்பியையும் கூட வரச் சொல்லியிருக்கேன், கூடைய அவன்தான் தூக்கணும்.