சுவரில் ஏறும் கொடி சுவரோடு நிற்பதில்லை

எங்கள் வீட்டுப் பின்சுவரில் 6 வருடம் வளர்ந்த வெர்ஜீனியா க்ரீப்பர் கொடியை இந்த வருடம் அடியோடு வெட்டிவிட்டேன். வெட்டியதென்னவோ ஒரு காலைப் பொழுது வேலைதான். அதற்கப்புறம் சுத்தம் பண்ணுகிற வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. இந்த வகைக் கொடி ஒன்றை வாங்கலாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், நடுவதற்கு முன்பே இதெல்லாம் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதன் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதை உண்மையிலேயே விரும்பித்தான் வளர்த்தேன். ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கை மாதிரி இலை. கோடை முழுக்க நல்ல பச்சை. இலையுதிர் காலம் வந்ததும் சில நாட்களிலேயே சுவர் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியது போல ஆகிவிடும். பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பூத்திருக்கும் நாட்களில் தேனீக்களின் ரீங்காரம் ஜன்னல் வரை கேட்கும். இலை மூடிய சுவர் வெயிலில் அவ்வளவாகச் சூடேறுவதில்லை என்பதும் உண்மை.

இது திராட்சைக் குடும்பத்துக் கொடி. தாவரவியலில் விட்டேசி என்பார்கள். நமக்குத் தெரிந்த பிரண்டையும் இதே குடும்பம்தான். பிரண்டையைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: கணுவில் இலை ஒரு பக்கம் வந்தால் பற்றுக்கம்பி அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிளம்பும். இந்தக் குடும்பத்தை அடையாளம் காண அது போதும். அழகுக்காக வளர்க்கப்படும் பாஸ்டன் ஐவி, போர்சலின் பெர்ரி, மெல்லிய வேர்களைத் திரைச்சீலை போலத் தொங்கவிடும் சிஸ்ஸஸ் எல்லாம் இதற்கு உறவுமுறைதான்.

அந்தப் பற்றுக்கம்பியை ஒரு நாள் உட்கார்ந்து கிட்டத்தில் பாருங்கள். வெர்ஜீனியா க்ரீப்பரின் கம்பி நூல் மாதிரி மெலிசாக, 5 முதல் 9 கிளைகளாகப் பிரிந்து வரும். மற்ற கொடிகள் வெளிச்சத்தைத் தேடும் என்றால் இதன் கம்பி வெளிச்சத்தை விட்டு விலகி இருட்டுப் பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், திரும்பும். நுனி சுவரில் பட்டதும் அது வீங்கி, குட்டியான வட்டத் தட்டாக விரிந்து, ஒரு பசையைக் கசிந்து ஒட்டிக்கொள்கிறது. எதையும் பற்றாத கம்பி கொஞ்ச நாளில் வாடி உதிர்ந்துவிடும். பற்றிய கம்பியோ ஸ்பிரிங் போலச் சுருண்டு, தடித்து, மரம் மாதிரி இறுகிவிடும். சார்லஸ் டார்வின் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். குறைந்தது 10 வருடமாவது ஆகியிருக்கும் என்று அவர் மதிப்பிட்ட ஒரு கம்பியின் ஒற்றைக் கிளை 2 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 900 கிராம், எடையைத் தாங்கியது. அந்தக் கம்பியில் இதே மாதிரி 5 கிளைகள் இருந்ததால் மொத்தம் 10 பவுண்டு இழுப்பையும் அது தாங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு கம்பிக்கே அவ்வளவு என்றால் ஒரு சுவரில் எத்தனை ஆயிரம் கம்பிகள் இருக்கும் என்று யோசியுங்கள்.

நான் வாங்கியபோது செடியில் கட்டியிருந்த அட்டையில் "வேகமாக வளரும், எந்த மண்ணிலும் வரும், பராமரிப்பு தேவையில்லை" என்று போட்டிருந்தது. அதைப் படித்துச் சந்தோஷப்பட்டுத்தான் வாங்கினேன். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. ஆனால் இந்த மூன்று குணமும் வேலிக்கு வெளியேயும் அப்படியேதான் வேலை செய்யும் என்பது அட்டையில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்றாவது வருடம் கொடி கூரை ஓட்டுக்கு அடியில் நுழைந்திருந்தது, மழைநீர்க் குழாயை அடைத்திருந்தது. நான்காவது வருடம் சுவரை விட்டுத் தரையில் ஓடி, மண்ணில் பட்ட கணுவிலெல்லாம் வேர் பிடித்திருந்தது. நாம் கையால் பதியம் போடுவதை அது தானாகவே செய்துகொள்கிறது. ஐந்தாவது வருடம் எங்கள் வேலிக்கு வெகு தூரத்தில், பறவைகள் வந்து உட்காரும் கம்பிக்குக் கீழே, வரிசையாக ஐந்திலைக் கன்றுகள் முளைத்திருப்பதைப் பார்த்தேன். அதன் கருநீலப் பழத்தில் ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிறது, மனிதர்கள் சாப்பிடக்கூடாது. பறவைகளுக்கோ அது விருந்து. தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதை விழும்.

அதற்காக இந்தக் கொடி மேல் பழியைப் போட முடியாது. கிழக்கு, மத்திய வட அமெரிக்காவில் இது சொந்த மண்ணின் செடி, அங்கே பறவைகளுக்குக் குளிர்கால உணவு. கடல் தாண்டிப் போன இடத்தில்தான் பிரச்சினை. ஐரோப்பாவுக்கு இது 17ஆம் நூற்றாண்டிலேயே தோட்டச் செடியாகப் போய்விட்டது. இன்றைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் இதன் பெயர் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளத் தடையில்லை, காட்டுவெளியில் நட்டால் குற்றம்.

எதிர்த்திசையில் போனது போர்சலின் பெர்ரி. சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துக் கொடி. 1870களில் அழகுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பழத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஒரே கொத்தில் இளம்பச்சை, ஊதா, மயில் கழுத்து நீலம் எல்லாம் புள்ளி புள்ளியாக, பீங்கானில் செய்து வைத்தது போல இருக்கும். அந்த நிறத்துக்காகவே நட்டார்கள், பறவைகளும் அந்தப் பழத்தைத்தான் தேடி வந்தன. ஒரே பருவத்தில் 15 அடி வளர்ந்து, மரங்களையும் புதர்களையும் போர்வை மாதிரி மூடி, அடியில் இருப்பதற்கு வெளிச்சமே போகாமல் செய்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் இதை விற்கவே கூடாது. காட்டுத் திராட்சை என்று நினைத்து இதை விட்டுவைப்பவர்கள் உண்டு. தண்டை வெட்டிப் பாருங்கள்: உள்ளே நடுவில் மெத்தென்று இருக்கும் சோறு வெள்ளையாக இருந்தால் போர்சலின் பெர்ரி, பழுப்பாக இருந்தால் திராட்சை. திராட்சைக் கொடியின் பட்டை நார் நாராக உரியும், இதற்கு உரியாது.

சரி, ஏற்கனவே சுவரில் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? நான் செய்த தப்பை முதலில் சொல்கிறேன். பச்சையாக இருக்கும்போதே பிடித்து இழுத்தேன். கொடியோடு சுவர்ப் பூச்சும் கையகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. அப்படிச் செய்யாதீர்கள். அடித்தண்டை ஒரு முழம் விட்டு இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பது தானாகக் காய்ந்து சருகாகும் வரை பொறுத்திருங்கள். அப்புறம் மேலிருந்து கீழாக மெதுவாக எடுத்தால் தண்டு வந்துவிடும். ஒட்டிய தட்டுகள் மட்டும் வராது, சுவர் முழுக்கக் கரும்புள்ளியாக நிற்கும். நனைத்து நனைத்துக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையுறை கட்டாயம் போடுங்கள். சாற்றில் ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன, சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். (வட அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இளங்கன்றில் சில சமயம் மூன்று சிற்றிலைதான் இருக்கும், அங்கே மூன்று சிற்றிலை என்றால் தொட்டாலே தோலில் கொப்புளம் கிளப்பும் பாய்சன் ஐவியாகவும் இருக்கலாம்.)

வெட்டியதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டினால் துண்டுக்குத் துண்டு வேர் விட்டுவிடும். நான் சிமெண்ட் தரையில் பரப்பி, தொட்டால் ஒடியும் அளவுக்குக் காயவிட்டுத்தான் அப்புறப்படுத்தினேன்.

வெட்டாமல் வைத்துக்கொள்ள விரும்பினால் அதுவும் முடியும், ஆனால் அட்டையில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது கவாத்து பண்ண வேண்டும், கூரைக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்த வேண்டும், காய் பழுப்பதற்குள் கொத்தோடு கிள்ள வேண்டும். 6 வருடத்தில் ஒரு முறை கூட நான் காயைக் கிள்ளியதில்லை. அதனால் இப்போது ஒவ்வொரு மழைக்கு அடுத்த நாளும், மண் இளகியிருக்கும்போதே, பறவைகள் உட்காரும் அந்தக் கம்பிக்குக் கீழே போய்க் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறேன். போன வாரம் 14 கிடைத்தன. அதற்கு முந்தின முறை 30க்கு மேல் இருந்தன.