ஒரு மெழுகுக் கட்டிக்காக மூன்று முறை மதுரை

அம்மாவுக்கு மார்பகப் புற்று. திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் ஹோமில் அறுவை சிகிச்சை முடிந்து, தையலும் பிரித்தாயிற்று. அதுவரை குறையில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரியில்தான் வினை இருந்தது. ஹெர்-2: 2+.

ஹெர்-2 என்பது புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்; அது எவ்வளவு இருக்கிறது என்பதற்குத்தான் இந்த எண். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ இரண்டுங்கெட்டான். அந்தப் புரதத்தின் மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் ஃபிஷ் டெஸ்ட் பார்த்தால்தான் தெரியும். "பிளாக் வாங்கிட்டு மதுரை லேப்ல குடுத்துடுங்க" என்றார் புற்றுநோய் டாக்டர், பால் பாக்கெட் வாங்கச் சொல்வதுபோல.

பிளாக் என்பது வெட்டியெடுத்த சதைத் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி. தீப்பெட்டி அளவுகூட இராது. நர்சிங் ஹோம் கவுண்டரில் இருந்த மேடம் முதலில் "ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே" என்றார். டாக்டர் கடிதம், ஆதார் நகல், அம்மாவின் கையெழுத்து எல்லாம் கொடுத்த பிறகு "மூணு வேலை நாள் ஆகும்" என்றார். நான்காம் நாள் போய்க் கவரை வாங்கிக்கொண்டு நேராக மதுரை பஸ் ஏறினேன். அங்கே பிரித்தால் கண்ணாடி ஸ்லைடுகள். ஸ்லைடு வேறு, பிளாக் வேறு. கவரைக் கவுண்டரிலேயே பிரித்துப் பாருங்கள்.

இரண்டாம் முறை பிளாக்கே கிடைத்தது. கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போன்: "சார், இதுல புற்றுக் கட்டியே இல்லையே!" அறுவையில் எடுத்ததைப் பல பிளாக்குகளாகப் போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கையில் வந்தது புற்று பரவாத நிணநீர்க் கணு. நல்ல செய்திதான், ஆனால் அந்த டெஸ்டுக்கு உதவாது. எந்த எண்ணில் கட்டி இருக்கிறது என்பது ரிப்போர்ட்டிலேயே பொடி எழுத்தில் இருந்தது. நானும் படிக்கவில்லை, எடுத்துக் கொடுத்தவரும் படிக்கவில்லை.

மூன்றாம் முறை சரியான பிளாக்கோடு போனால், படிவத்தில் ஒரு கட்டம்: சதை எத்தனை மணி நேரம் ஃபார்மலினில் (கெடாமல் காக்கும் திரவம்) இருந்தது? 6 முதல் 72 மணி வரை இருக்க வேண்டுமாம். நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டால் கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். லேப் டெக்னீஷியன் தம்பி ஒருவர்தான் பதிவேட்டைப் புரட்டி, சனிக்கிழமை மதியம் போட்டது திங்கட்கிழமை காலை எடுத்தது என்று கண்டுபிடித்துச் சொன்னார். தப்பித்தோம். இதையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம், மே மாத வெயிலில் பிளாக்கை பைக் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மெழுகு இளகினால் மறுபடியும் முதலிலிருந்து.

முடிவு: பாசிட்டிவ். செல்லின் மேல் நின்று 'வளர், பிரி' என்று உள்ளே சேதி அனுப்பும் புரதம் ஹெர்-2. சாதாரணமாக அதன் மரபணு செல்லுக்கு இரண்டு பிரதி. அம்மாவின் கட்டியில் அது பல மடங்கு பெருகி, ஓயாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு காலத்தில் கேட்டாலே பயப்படும் வகை இது. 1998இல் அமெரிக்காவில், இந்தச் சேதியை அடைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்ற பிறகுதான் நிலைமை மாறியது. ஆக, பாசிட்டிவ் என்றால் மருந்து உண்டு என்று அர்த்தம். அழுவதா சிரிப்பதா தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு டீ குடித்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருடம். முதல் ஊசிக்கு முன்பே எக்கோ எடுக்கச் சொன்னார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மார்பில் வந்ததற்கு இதயத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று அம்மாவுக்குச் சந்தேகம். டாக்டர் பொறுமையாகவே சொன்னார். கருவில் இதயத் தசை உருவாகவே ஹெர்-2 சேதி வேண்டும். 1995இல் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, எலிக் கருக்களின் இதயத்துக்குள் தசை மடிப்புகள் உருவாகாமல் அவை வயிற்றிலேயே இறந்துபோயின. வளர்ந்த இதயமும் சிரமமான நேரத்தில் அதே சேதியை நம்பித்தான் தாக்குப்பிடிக்கிறது. கட்டியில் சேதியை அடைக்கும் மருந்து அங்கேயும் அடைத்துவிடலாம். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும்.

"அப்போ ரெண்டு வீட்டுக்கும் ஒரே போஸ்ட்மேனா?" என்றார் அம்மா. டாக்டர் சிரித்துவிட்டார்.

இப்போது ஏழு ஊசி முடிந்திருக்கிறது. இரண்டு எக்கோவும் நன்றாகவே இருக்கின்றன.

போன வாரம் அதே கவுண்டர் மேடத்திடமிருந்து போன். "சார், நீங்க வாங்கிட்டுப் போன பிளாக்க இன்னும் திருப்பித் தரலையே. சீக்கிரம் கொண்டு வாங்க." 'மூணு வேலை நாள் ஆகும்' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. மிச்சப் பிளாக்குகள் இன்னும் அவர் அலமாரியில்தான் இருக்கின்றன.