ஜிஎஸ்டி டைம்ல ஆபீஸ் நெட் படுத்துன பாடு

அசோக் நகர்ல எங்களோடது சின்ன ஆடிட்டர் ஆபீஸ், மொத்தமே எட்டு சிஸ்டம். நான் அக்கவுண்ட்ஸ் பாக்குறவன்தான், ஆனா வயர் புடுங்கி மாட்டத் தெரியும்ங்கிறதால நெட் போச்சுன்னா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. போன மாசம் 18ஆம் தேதி, 20க்குள்ள ஜிஎஸ்டி மாச ரிட்டர்ன் 3பி போட்டாகணும், காலைல வந்து உக்காந்தா மூணு சிஸ்டத்துல டேலி டேட்டா வரல, நெட்டும் இல்ல, மத்த அஞ்சும் ஜம்முனு ஓடுது.

நெட் காரருக்கு போன் போட்டா "லைன் கிளியரா இருக்கு சார், உங்க உள்ளதான் ப்ராப்ளம்"னு வச்சிட்டாரு. வழக்கமா கடுப்பாவேன், இந்தவாட்டி அவர் சொன்னதுதான் நெஜம். எல்லா சிஸ்டத்து வயரும் வந்து சேர்ற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், செத்துக் கெடந்ததுல ரெண்டு எந்திரிச்சிருச்சு, நல்லா இருந்த ஒண்ணு படுத்துருச்சு. சரி கேபிள்தான் போலன்னு வெயில்ல ரிச்சி ஸ்ட்ரீட் போய் கேட் 6 நெட் கேபிள் நாலு வாங்கிட்டு வந்து மாத்துனா அதே கதை. அரை நாள் காலி.

அப்புறம்தான் விண்டோஸ் கமாண்ட் விண்டோ சிஎம்டில ஐபிகான்ஃபிக்னு அடிச்சு, எந்த சிஸ்டத்துக்கு என்ன ஐபி, அதாவது நெட்வொர்க் அட்ரஸ், வந்திருக்குன்னு பாத்தேன், இத மொதல்லயே பண்ணிருக்கணும். நல்ல சிஸ்டத்துல 192.168.1.24, கேட்வே, அதாவது நெட்டுக்கு வெளிய போற வழியான ரவுட்டர், 192.168.1.1. ஓடாததுல 192.168.0.103, கேட்வே 192.168.0.1. யாருமே ஐபி குடுக்கலன்னா விண்டோஸ் தானா 169.254ன்னு ஒண்ணு வச்சுக்கும், இது அப்படி இல்ல, வேற யாரோ குடுத்துருக்காங்க. எங்க ஆபீஸ்ல 0.1ன்னு ஒண்ணு கெடையவே கெடையாதே! பிரவுசர்ல அத அடிச்சா ஏதோ ஒரு வைஃபை ரவுட்டரோட லாகின் பேஜ் வருது.

ஓடாத சிஸ்டத்துல இருந்து 0.1 பதில் சொல்லுதான்னு பாக்க பிங் ஓட விட்டுட்டு, சுவிட்ச்ல ஒவ்வொரு வயரா புடுங்கிப் பாத்தேன். ஆறாவது போர்ட்ட எடுத்ததும் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட், பதில் நின்னுருச்சு. அந்த வயர் எங்கடா போகுதுன்னு செவுத்தோரமா புடிச்சிட்டே போனா பேன்ட்ரில தண்ணி கேனுக்குப் பின்னாடி பழைய ரவுட்டர் ஒண்ணு கண்ண சிமிட்டிட்டு உக்காந்திருக்கு.

"அண்ணே, இங்க சிக்னலே வர்றதில்ல, அதான் வீட்ல சும்மா கெடந்தத எடுத்துட்டு வந்து மாட்டுனேன்"ங்கிறான் நம்ம ஜூனியர் பையன். வெளிய இருந்து நெட் லைன் வர்ற வேன் (WAN) போர்ட்ல சொருகியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, இவன் உள்ள இருக்குற சிஸ்டத்த மாட்டுற லேன் (LAN) போர்ட்ல சொருகிட்டான். இப்போ ஐபி குடுக்க மெயின் ரவுட்டர், இதுன்னு ரெண்டு பேரு, யார் முந்துறாங்களோ அவங்க பக்கம் சிஸ்டம் சாஞ்சிரும், அதான் ஆன் பண்ணும்போதெல்லாம் ஆள் மாறிட்டே இருந்திருக்கு.

புடுங்கிப் போட்றலாம்னுதான் நெனச்சேன், பாவம் அவன் மூஞ்சி. அதுல டிஎச்சிபிய, அதாவது ஐபி குடுக்குற வேலைய, ஆஃப் பண்ணி, அதோட ஐபிய மெயின் ரவுட்டர் குடுக்குற ரேஞ்சுக்கு வெளியில 192.168.1.250ன்னு மாத்தி, வயர லேன் போர்ட்லயே விட்டுட்டேன், இப்போ அது வெறும் வைஃபை பாயின்ட். சிஸ்டத்துல எல்லாம் பழைய ஐபிய விட்டுட்டு புதுசு வாங்க ஐபிகான்ஃபிக் ரிலீஸ், ரின்யூ. 19ஆம் தேதி நைட் ஒம்போது மணிக்கு கடைசி ஃபைலிங் போச்சு.

ரவுட்டர் பின்னாடி ரீசெட் ஓட்டை மேல செல்லோடேப் ஒட்டி வச்சிருக்கேன், எவனாவது குச்சிய விட்டுக் குத்துனா செட்டிங் எல்லாம் பழையபடி ஆகி டிஎச்சிபி திரும்ப ஆன் ஆயிரும்.